பத்து பேர், ஒரு தீவு, ஏகப்பட்ட வெர்ஷன்: முதல்ல எதைப் பாக்கலாம்?

அகதா கிறிஸ்டியோட 'அண்ட் தென் தேர் வேர் நன்' கதைய ஸ்க்ரீன்ல பாக்கணும்னு உக்காந்தா முதல் தலைவலியே எதைப் பாக்குறதுங்கறதுதான். 1939ல வந்த நாவல், 10 கோடி காப்பிக்கு மேல வித்திருக்குன்னு சொல்றாங்க, அதனால ஆளாளுக்கு எடுத்து வச்சிருக்காங்க. 1945ல ஹாலிவுட், 1965, 1974, 1989ன்னு மூணு தடவை ஒரே தயாரிப்பாளர், 1987ல ரஷ்யாக்காரங்க, 2015ல பிபிசி மூணு எபிசோடு, 2017ல ஜப்பான் டிவி, 2020ல ஃப்ரெஞ்சு டிவி, இது பத்தாதுன்னு இந்தில ஒன்னு தமிழ்ல ஒன்னு. எல்லாத்தையும் வரிசையா பாத்துட்டா போச்சுன்னு நினைக்கலாம், ஆனா இந்தக் கதையில ஒரு சிக்கல் இருக்கு. கொலைகாரன் யாருங்கற அதிர்ச்சி ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், எந்த வெர்ஷன முதல்ல பாக்குறீங்களோ அதுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், அதுக்கப்புறம் பாக்குறதெல்லாம் தெரிஞ்ச விடைய வச்சுக்கிட்டு பாக்குறதுதான். அதனால முதல் தேர்வ கொஞ்சம் யோசிச்சுதான் பண்ணணும்.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், நேரம் இல்லாதவங்க இதோட கிளம்பிடலாம். நாவல் படிக்காதவங்க 2015 பிபிசி சீரிஸ பாருங்க. படிச்சவங்க நேரா 1987 ரஷ்யப் படத்துக்குப் போங்க. வீட்ல சின்னப் பசங்களோ ரத்தம் பாத்தா முகம் சுளிக்கற பெரியவங்களோ கூட உக்காருவாங்கன்னா 1945 கறுப்பு வெள்ளை. மத்ததெல்லாம் வேற வேலை இல்லாதப்போ பாத்துக்கலாம். ஏன்னு கீழ சொல்றேன். கொலைகாரன் யார்னு எங்கயும் சொல்ல மாட்டேன், ஆனா கடைசில எத்தனை பேர் மிஞ்சறாங்கங்கறத தொடாம இந்த வெர்ஷன்கள ஒப்பிடவே முடியாது, அது கூட தெரிய வேணாம்னு நினைக்கறவங்க இங்கயே நிறுத்திட்டு போய் பிபிசிய போட்டுடுங்க.

கதை தெரியாதவங்களுக்கு சுருக்கமா. இங்கிலாந்துல டெவன் கடற்கரைய ஒட்டி ஒரு தீவு, அதுல ஒரே ஒரு பங்களா, ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லாத எட்டு பேருக்கு அழைப்பு போகுது, வீட்டு வேலைக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி ஏற்கனவே அங்க இருக்காங்க, கூப்பிட்ட ஓனர மட்டும் காணோம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கொஞ்சம் இளகி உக்காந்திருக்கும்போது வேலைக்காரர் ரோஜர்ஸ் தனக்கு வந்த உத்தரவுப்படி ஒரு கிராமஃபோன் ரெக்கார்ட போடுறார், பாட்டுன்னு நினைச்சா ஒரு குரல் ஒவ்வொருத்தர் பேரா சொல்லி, நீ இன்னார கொன்ன, நீ இன்னார கொன்னன்னு தேதியோட குற்றப்பத்திரிகை வாசிக்குது. சுவத்துல ஒரு குழந்தைப் பாட்டு மாட்டியிருக்கு, அதுல பத்து பேர் ஒவ்வொருத்தரா குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. சாப்பாட்டு மேசைல பத்து சின்னச் சின்ன பொம்மை. ஒரு ஆள் சாக ஒரு பொம்மை காணாமப் போகும். படகு வராது, புயல் வேற.

இதுல துப்பறியறவர்னு யாரும் கிடையாது. கிறிஸ்டியோட மத்த கதைகள்ல வர்ற துப்பறிவாளர் புவாரோ மாதிரி ஒரு ஆள் நடுவுல நின்னு கேள்வி கேட்டு நமக்காக யோசிக்க மாட்டார். நாவல்ல கிறிஸ்டி பண்ற வித்தை என்னன்னா, பத்து பேர் தலைக்குள்ளயும் மாத்தி மாத்தி நுழைஞ்சு வெளிய வருவாங்க, சில இடத்துல இது யாரோட நினைப்புன்னே சொல்லாம விட்டுடுவாங்க, கொலைகாரனோட நினைப்பும் அதுக்குள்ள கலந்து கிடக்கும். இதை கேமராவால பண்ண முடியாது. அதனால எடுக்கற ஒவ்வொருத்தரும் ஏதாவது ஒன்ன விட்டுக்குடுத்துதான் எடுத்திருக்காங்க, யார் எதை விட்டாங்கங்கறதுதான் இந்த ஒப்பீடே.

பெரும்பாலானவங்க விட்டது முடிவ. 1943ல கிறிஸ்டியே இதை லண்டன் மேடைக்கு நாடகமா எழுதினாங்க. நாவல்ல பேர் சொல்ற மாதிரியே கடைசில யாரும் மிஞ்ச மாட்டாங்க, ஆனா மேடைல எல்லாரும் செத்துட்டா நடந்தத சொல்ல ஆள் வேணுமே, போதாததுக்கு அது யுத்த காலம், டிக்கெட் வாங்கிட்டு வர்றவன இப்படியா வீட்டுக்கு அனுப்பறது. அந்தக் குழந்தைப் பாட்டுக்கே கடைசி வரில இன்னொரு வெர்ஷன் உண்டு, மிச்சமிருந்தவன் கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு வரும், அத புடிச்சுக்கிட்டு நாடகத்துக்கு ஒரு ஜோடிய காப்பாத்தி சுபமா முடிச்சுட்டாங்க. அப்புறம் வந்த ஆங்கிலப் படம் எல்லாமே நாவல விட்டுட்டு இந்த நாடக முடிவையே புடிச்சுக்கிச்சு. பிரச்சனை என்னன்னா, ஒரு ஜோடிய காப்பாத்தணும்னா அவங்க ரெண்டு பேர் மேல இருக்கற குற்றமும் பொய்யா இருக்கணும். இல்லன்னா ஆடியன்ஸ் எப்படி சந்தோஷமா எழுந்து போவாங்க? அங்கயே கதையோட முதுகெலும்பு போயிடுது, ஏன்னா இந்தத் தீவுல நிரபராதின்னு ஒருத்தர் கூட இருக்கக் கூடாது, அதுதான் இதோட பயமே.

1945 படத்துக்கும் இதே நோய்தான், ஆனா அத நான் மன்னிச்சுடறேன். ரெனே க்ளேர்னு ஃப்ரெஞ்சு டைரக்டர், யுத்தத்தால ஹாலிவுட் பக்கம் வந்தவர், அவர் இந்தக் கதைய பயமுறுத்தறதுக்கு எடுக்கல, கிண்டலுக்கு எடுத்திருக்கார். ஆரம்பத்துல போட்ல எட்டு பேரும் வர்ற சீன்ல யாரும் வாயே திறக்க மாட்டாங்க, காத்து, அலை, குமட்டல், பக்கத்துல உக்காந்திருக்கறவங்க மேல ஒரு எரிச்சல், இதுலயே ஆளாளோட குணம் தெரிஞ்சுடும். அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு சந்தேகம் வந்ததும் சாவித் துவாரம் வழியா ஒருத்தர் இன்னொருத்தர வேவு பாக்க, அவர பின்னாடி இருந்து வேற ஒருத்தர் வேவு பாக்கன்னு ஒரு சங்கிலி மாதிரி போகும் பாருங்க, சிரிப்பும் வரும், அதே நேரம் இவங்க எவ்ளோ அநாதையா இருக்காங்கன்னும் தோணும். பேரி ஃபிட்ஸ்ஜெரால்டு, வால்டர் ஹஸ்டன்னு தாத்தா நடிகர்கள் பின்னி எடுத்திருக்காங்க. நாவல்ல கார ஓட்டி ரெண்டு குழந்தைங்கள அடிச்சுட்டு கவலையே படாத பணக்காரப் பையன் மார்ஸ்டன், இதுல ரஷ்ய இளவரசனா மாறிட்டார், அது எதுக்குன்னு கேக்காதீங்க, ஜாலிக்குதான். அமெரிக்கால காப்புரிமை போய்ட்டதால நெட்ல சுலபமா கிடைக்கும், பிரிண்ட்தான் சில இடத்துல சுமார். ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, முடிஞ்சுடும்.

ஹாரி அலன் டவர்ஸ்னு ஒரு தயாரிப்பாளர், மேல சொன்ன மூணு படமும் இவரோடதுதான், மனுஷன் இந்த ஒரே கதைய விடாம புடிச்சுக்கிட்டு இடத்த மட்டும் மாத்திக்கிட்டே இருந்தார். 1965ல பனிமலை உச்சில ஒரு மாளிகை, 1974ல ஈரான் பாலைவனத்துல ஒரு ஹோட்டல், 1989ல ஆப்பிரிக்கா சஃபாரி. 65 படத்துல ஒரு தமாஷ் என்னன்னா, க்ளைமாக்ஸுக்கு முன்னாடி படத்த நிறுத்திட்டு ஸ்க்ரீன்ல கடிகாரம் ஓட விட்டு, யார் கொலைகாரன்னு உங்களுக்கு யோசிக்க ஒரு நிமிஷம்னு டைம் குடுப்பாங்க. குற்றப்பத்திரிகை வாசிக்கற குரல் கிறிஸ்டோபர் லீ. 74ல அந்தக் குரல் ஆர்சன் வெல்ஸ், இஸ்ஃபஹான் ஹோட்டல் பாக்க அப்படி ஒரு அழகு, ஆனா அவ்ளோ பெரிய ஹால்ல, அவ்ளோ வெளிச்சத்துல, மூச்சு முட்டற உணர்வே வராது. குரலுக்காக படம் பாக்கறதுன்னா சரி. 89த பத்தி பேசறதுக்கு ஒன்னும் இல்ல.

இப்ப ரஷ்யப் படம். ஸ்டானிஸ்லாவ் கொவோருகின் 1987ல எடுத்தது, ரெண்டு பாகம், மொத்தமா ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. கிரிமியால பாறை உச்சில தொங்கற மாதிரி இருக்கற ஸ்வாலோஸ் நெஸ்ட்ங்கற குட்டி கோட்டைய வச்சு தீவு பங்களான்னு நம்ப வச்சிருக்காங்க. நாவல்ல இருக்கற முடிவ மாத்தாம எடுத்த முதல் படம் இதுதான். சோவியத் நடிகர்கள் இங்கிலீஷ்காரங்களா வந்து ரஷ்யன்ல பேசறது முதல் பத்து நிமிஷம் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் மறந்துடும். அந்தப் பத்து பேர்ல வர்ற வெராவா டாட்யானா ட்ருபிச், லொம்பார்டா கைதனோவ்ஸ்கி, ஜட்ஜ் வார்கிரேவா விளாதிமிர் ஜெல்தின். இதுல பயம் காட்டற பின்னணி இசை, கத்தல் எல்லாம் குறைவு, சாயம் போன மாதிரி ஒரு நிறம், பெரும்பாலும் அமைதி, ஜனங்க சாப்பிடறாங்க, காஃபி குடிக்கறாங்க, செத்தவன மேல தூக்கிட்டுப் போய் கட்டில்ல போட்டு துணி போத்தி மூடிட்டு மறுபடி கீழ வந்து சாப்பிடறாங்க. அந்த சாதாரணத்தனம்தான் நாவலோட ருசி. கிறிஸ்டி எழுத்துல பாதி பயங்கரம் அதுலதான் இருக்கு.

ஆனா நாவல் படிக்காதவங்களுக்கு இத முதல்ல குடுக்க மாட்டேன். சப்டைட்டில் படிச்சுக்கிட்டே பத்து பேர் முகத்தையும் பேரையும் அவங்க பழைய கதையையும் ஞாபகம் வச்சுக்கறது கஷ்டம், படம் யாருக்காகவும் நின்னு விளக்காது, நாவல் உங்க கைல இருக்குன்னு நினைச்சுக்கிட்டே ஓடும். வெரா, லொம்பார்ட் நடுவுல வர்ற ஒரு சீன் பாக்க சங்கடமா இருக்கும், வீட்ல கூட்டமா உக்காந்து பாக்கறவங்க தெரிஞ்சு வச்சுக்கோங்க. தேடும்போது இன்னொன்னு, நாவலுக்கு இங்கிலாந்துல முதல்ல வச்ச பேர்ல கறுப்பினத்தவர கேவலப்படுத்தற வார்த்தை இருந்துச்சு, ரஷ்யப் படம் அந்தப் பழைய பேரோடயே வந்தது, அதனால இந்த இங்கிலீஷ் பேர மட்டும் போட்டா சில சமயம் சிக்காது, டைரக்டர் பேர சேத்து தேடுங்க.

பிபிசி 2015க்கு வருவோம். இதே பிபிசி 1949லயே இந்தக் கதைய டிவில போட்டிருக்கு, அப்பல்லாம் லைவ் ஒளிபரப்பு, கத்திக்குத்து வாங்கி செத்துக் கிடந்த ஜெனரல், கேமரால தெரியறோம்னு தெரியாம எழுந்து பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு நடந்து போயிட்டாராம், கிறிஸ்டி கடுப்பாகி லெட்டரே எழுதியிருக்காங்க. 66 வருஷம் கழிச்சு சாரா ஃபெல்ப்ஸ் எழுதி, க்ரெய்க் விவேரோஸ் டைரக்ட் பண்ணி, 2015 டிசம்பர் 26, 27, 28ன்னு மூணு ராத்திரி, ராத்திரிக்கு ஒரு மணி நேரமா போட்டாங்க. சார்ல்ஸ் டான்ஸ், சாம் நீல், மிராண்டா ரிச்சர்ட்சன், டோபி ஸ்டீஃபன்ஸ், ஏடன் டர்னர், பர்ன் கோர்மன், வெராவா மேவ் டெர்மடி. கேம் ஆஃப் த்ரோன்ஸ் பாத்தவங்களுக்கு சார்ல்ஸ் டான்ஸ தனியா அறிமுகம் பண்ண வேண்டியதில்ல, இதுல ஜட்ஜா சும்மா உக்காந்து மத்தவங்கள பாக்கறதுலயே ஒரு கோர்ட் நடத்துவார்.

இந்த மூணு மணி நேரம்தான் பிபிசியோட பெரிய பலம். படத்துல ஒரு ஆளுக்கு பத்து நிமிஷம் கூட கிடைக்காது, இதுல எல்லாருக்கும் பழைய பாவம் துண்டு துண்டா திரும்ப வருது. வெரா கதைய எடுத்துக்கோங்க. அவ பாத்துக்கிட்ட ஒரு சின்னப் பையன் கடல்ல மூழ்கி செத்துட்டான், இதுதான் அவ மேல இருக்கற குற்றச்சாட்டு. முதல்ல நமக்கு கடற்கரை மட்டும் காட்டுவாங்க, வெயில், பையன் நச்சரிப்பு. அடுத்த தடவ அதே கடற்கரை, இன்னும் கொஞ்சம் நீளமா. அப்புறம் இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் வெரா மேல நமக்கு இருக்கற பரிதாபம் எந்தப் பக்கம் சாயுதுன்னு நீங்களே கவனிச்சுக்கிட்டு வாங்க. நாவல்ல தலைக்குள்ள ஓடறத கேமராவால எடுக்க முடியாதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு இவங்க கண்டுபிடிச்ச வழி இதுதான், முழுசா இல்லன்னாலும் ரொம்ப கிட்ட வந்துட்டாங்க. ஆங்கிலத்துல நாடக முடிவ தூக்கிப் போட்டுட்டு நாவல் பக்கம் போன முதல் வெர்ஷனும் இதுதான். உண்மை வெளிய வர்ற விதத்த மட்டும் நாவல்ல இருந்து மாத்திட்டாங்க, எனக்கு அந்த மாற்றம் ஓகே, டிவிக்கு அதுதான் சரி.

எனக்கு ஒத்துக்காத விஷயம் வேற ஒன்னு, நாவல் படிச்சவங்களுக்கு ஏன் இத முதல்ல சொல்லலங்கறதுக்கு காரணமும் இதுதான். நாவல்ல இந்தப் பத்து பேர் பண்ண குற்றம் எல்லாம் சட்டத்தால தொட முடியாத வகை. ரோஜர்ஸ் தம்பதி ஒரு வயசான அம்மாவுக்கு வேளைக்கு குடுக்க வேண்டிய மருந்த குடுக்கல, அவ்ளோதான். ஜெனரல் மெக்ஆர்தர் பொண்டாட்டியோட கள்ளக்காதலன உயிரோட திரும்ப முடியாத வேலைக்கு அனுப்பினார், யுத்தம்னா அனுப்பத்தானே செய்வாங்க? எமிலி ப்ரெண்ட் கர்ப்பமான வேலைக்காரப் பொண்ண வீட்ட விட்டு துரத்தினாங்க, அது ஆத்துல விழுந்து செத்துப் போச்சு, இதுல என் தப்பு என்னன்னு பைபிள மடில வச்சுக்கிட்டு கேப்பாங்க. எந்த போலீஸும் எதையும் நிரூபிக்க முடியாது. அதனாலதான் ஒருத்தன் தானே நீதிபதியா மாறி தீவுக்கு வரவழைக்கறான், அதனாலதான் படிக்கற நாமளும் நம்ம பங்குக்கு எதையாவது நினைச்சு நெளியறோம்.

பிபிசில ரோஜர்ஸ் அந்த அம்மா முகத்துல தலையணைய வச்சு அமுக்கறார். ஜெனரல் துப்பாக்கிய எடுத்து பின்னாடி இருந்து சுடறார். ப்ளோர் நாவல்ல பொய் சாட்சி சொல்லி ஒருத்தன ஜெயிலுக்கு அனுப்பின போலீஸ்காரர், அவன் அங்கயே செத்துப் போயிடுவான், இங்க லாக்கப்புக்குள்ள போய் ஒரு ஓரினச்சேர்க்கையாளர மிதிச்சே கொல்றார். இப்படி கைல ரத்தம் பட்ட கொலையா மாத்தினா டிவில பாக்க வேகமா இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா அப்புறம் இவங்க சாதாரண கொலைகாரங்க, போலீஸ் ஒழுங்கா விசாரிச்சிருந்தா மாட்டியிருப்பாங்க, இதுக்கு எதுக்கு ஒரு தீவு? மருந்து குடுக்காம சும்மா நின்னதுதான் தலையணைய விட பயங்கரம், அது புரியாம மாத்தலன்னு எனக்கு தெரியும், சாரா ஃபெல்ப்ஸ் சாதாரண ஆள் இல்ல, ஆடியன்ஸுக்கு புரியுமோ புரியாதோன்னு பயந்துட்டாங்களோன்னு தோணுது. ப்ளோர் விஷயத்துல மட்டும் மாத்தினதுக்கு பலன் இருக்கு, அவர் அத ஒத்துக்கற இடத்துல பர்ன் கோர்மன் முகம் அப்படியே நொறுங்கறது இந்த சீரிஸோட நல்ல இடங்கள்ல ஒன்னு. இங்கிலாந்துல போதைப் பொருள் பார்ட்டி, கெட்ட வார்த்தை, ஏடன் டர்னர் துண்டோட வந்த சீன் பத்தியெல்லாம் பேசித் தீத்தாங்க, எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமாவே படல.

இவ்ளோ குறை சொல்லிட்டு படிக்காதவங்களுக்கு ஏன் இதையே சொல்றேன்னா, படிக்காதவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியப் போறதில்ல, அவங்களுக்கு வேண்டியது பத்து பேரையும் தனித்தனியா அடையாளம் தெரியணும், ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவுல மூச்சு முட்டணும், முடிவு மழுப்பக் கூடாது. மூணும் இதுல இருக்கு. நாடக முடிவு உள்ள படத்த முதல்ல பாத்துட்டா கொலைகாரன் யாருங்கற விடைய அதுலயே செலவு பண்ணிட்டு, மென்மையான முடிவோட நின்னுடுவீங்க, அது நஷ்டம்.

ஜப்பான் வெர்ஷன் டிவி அசாஹில 2017 மார்ச்ல ரெண்டு ராத்திரி வந்தது, இந்தக் காலத்துல நடக்கற மாதிரி மாத்தி, ரெண்டாவது ராத்திரி ஒரு துப்பறியற போலீஸ கொண்டு வந்து எல்லாத்தையும் அக்கு வேறா ஆணி வேறா பிரிச்சுக் காட்டுவாங்க. எப்படிப் பண்ணாங்கங்கற கணக்கு பிடிக்கறவங்களுக்கு அந்தப் பகுதி விருந்து, ஆனா முதல் தடவைக்கு வேணாம். இதுல நடிச்ச வாதாசே த்சுனேஹிகோ ஒளிபரப்புக்கு சில நாள் முன்னாடிதான் இறந்தார், அந்த வயசான உடம்பு, அந்தக் குரல், அது தெரிஞ்சு பாக்கும்போது சும்மா உக்கார முடியாது. ஃப்ரெஞ்சு சீரிஸ் ஆறு எபிசோடு, குவாடலூப் பக்கம் வெப்பமண்டலத் தீவு, அழகான இளசுங்க, ஆறு எபிசோடுக்கு இழுக்க வேண்டி புதுசு புதுசா கதை சேத்திருக்காங்க, பத்து பேர் கதைக்கு அவ்ளோ கயிறு தேவையே இல்ல.

நம்ம பக்கத்துக்கு வந்தா, இந்தில 1965ல வந்த கும்நாம், ஹெலன், மெஹ்மூத், பாட்டு, டான்ஸ்னு ஒரு தனி கொண்டாட்டம், ஒப்பீட்டுக்குள்ளயே வராது, ஆரம்பத்துல வர்ற 'ஜான் பெஹசான் ஹோ' பாட்டு ஒன்னுக்காகவே பாக்கலாம். தமிழ்ல 1970ல வீணை எஸ். பாலச்சந்தர் எடுத்த நடு இரவில். 1954லயே பாட்டே இல்லாம அந்த நாள் எடுத்த மனுஷன், கொலை மர்மம் அவருக்கு கை வந்த கலை. இதுல அவர் நாவல அப்படியே எடுக்கல, தீவு, அடைபட்ட வீடு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் சாவுங்கற எலும்புக்கூட்ட மட்டும் எடுத்துக்கிட்டு, கூப்பிடறவர் ஒரு பணக்காரர், வர்றவங்க எல்லாம் சொத்துக்கு நாக்க தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற சொந்தக்காரங்கன்னு மாத்திட்டார். இந்த ஒரு மாத்தம் எவ்ளோ புத்திசாலித்தனம் பாருங்க, முகம் தெரியாத பத்து பேர் ஒரு அழைப்ப நம்பி தீவுக்குப் போறது இங்கிலீஷ்காரனுக்கு சரி, நம்ம ஊர்ல ஆள அப்படி வரவழைக்கணும்னா சொத்துதான். மேஜர் சுந்தர்ராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி. கதை வேற வழில போறதால, பிபிசி பாக்கறதுக்கு முன்னாடி இத பாத்தாலும் பெருசா எதுவும் உடையாது, அதனால அப்பா அம்மாவோட உக்காந்து பாக்கறதுக்கு 1945க்கு பதிலா இத போட்டாலும் சரிதான்.

பிபிசின்னு முடிவு பண்ணவங்களுக்கு ஒரு விஷயம் மட்டும். மூணையும் ஒரே மூச்சுல பாக்காதீங்க, போட்ட மாதிரியே ராத்திரிக்கு ஒன்னு, நடுவுல வீட்ல யார் மேல யாருக்கு சந்தேகம்னு சண்டை போட டைம் வேணும். நடிகர் பேர் தேடறேன்னு விக்கிப்பீடியா பக்கம் போயிடாதீங்க, யூடியூப்லயும் தேடாதீங்க, க்ளைமாக்ஸ் கிளிப்போட தம்ப்நெயில்லயே முகத்த போட்டு வச்சிருக்கானுங்க.